வெட்டுக்கத்திக்கு ஸ்டெயின்லெஸ்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்த கத்தி மாரி தொடங்கியதும் துருவேறுகிறது என்று அலுத்துப்போய், "இனி ஸ்டெயின்லெஸ்தான்" என்று தகடு தேடி அலைகிறவர்கள் வன்னியில் இப்போது குறைவில்லை. தகடு கிடைக்கிறது, கத்தியும் உருவாகிறது, பார்க்கவும் பளபளப்பாக இருக்கிறது. பிறகுதான் சிக்கல். கூர் நிற்காது, அல்லது வாய் உதிரும், அல்லது முறியும், அல்லது ஸ்டெயின்லெஸ் என்று காசு கொடுத்து வாங்கியதே துருப்பிடிக்கும். கோளாறு தெரிவது கத்தியில். காரணம் பெரும்பாலும் தகட்டைத் தெரிந்தெடுத்த இடத்திலோ உலையிலோ இருக்கும். அதனால் ஒவ்வொரு கோளாறாக எடுத்து, அதிலிருந்து பின்னோக்கிப் போகிறேன்.

ஓரடிக்கு மேல் அலகுள்ள, பற்றைக்காடு வெட்டுகிற கத்திக்கு என் தெரிவு இன்னமும் ஸ்பிரிங் தகடுதான். அதில் காபன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கரி உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகிவிடும், அடியையும் தாங்கும். அதன் துரு எண்ணெய்த் துணியால் தீர்கிற சங்கதி. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு உரிய இடங்கள் வேறு. முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு கரைகளில் மீன் வெட்டும் வாங்கு, ஆனையிறவு உப்பளப் பக்கம், இறைச்சிக்கடை, கல்யாணவீட்டுச் சமையல். அங்கே நாள் முழுக்க ஈரமும் உப்பும்தான். எண்ணெய் பூச நேரமும் இல்லை, பூசினால் சாப்பாட்டில் மணக்கும்.

வாள் கேட்டு வருபவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. வடக்கில் வாள்வெட்டுச் செய்திகளை எல்லோரும்தான் வாசிக்கிறோம். நீளக் கத்தி கேட்பவரிடம் என்ன வேலைக்கு என்று கேட்டுவிட்டுச் செய்வதுதான் பட்டறைக்குப் பாதுகாப்பு.

தொடங்கும் முன் ஒரு வேலை. எந்தத் தகடு வாங்கினாலும் அதிலிருந்து இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் மூன்று நான்கு துண்டு வெட்டி எடுத்து, எந்தத் தகட்டுடையது என்று குறித்து வையுங்கள். கீழே வருகிற சோதனைகள் அநேகமாக எல்லாமே இந்தத் துண்டுகளில் செய்வதுதான். கத்தியைத் தேய்த்து முடித்த பிறகு தகட்டைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் என்றார். எந்த ஸ்டெயின்லெஸ்?

பழைய இரும்புக் கடையில் இந்த ஒரே பெயருக்குள் மூன்று கூட்டம் கலந்து கிடக்கும்.

முதலாவது 304 வகை. ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், காபன் 0.08 சதவீதத்துக்கு மேல் இல்லை. தண்ணீர்த் தாங்கி, கைப்பிடிக் குழாய், ஹோட்டல் மேசை, சிங்க் எல்லாம் பெரும்பாலும் இதுதான். துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் எந்தச் சூட்டிலிருந்து எதில் தோய்த்தாலும் கடினமாகாது. இரண்டாவது 430. நிக்கல் இல்லாததால் விலை குறைவு. சலவை இயந்திரத் தொட்டி, சமையலறைச் சாமான்களின் வெளித்தகடு போன்றவற்றில் வரும். இதற்கும் தோய்ச்சல் ஏறாது. மூன்றாவது 420, 440 வகைகள். போதிய காபன் இருப்பதால் உலைக்குப் பணிகிற கூட்டம் இது ஒன்றுதான், கத்திக்கு வேண்டியதும் இதுதான்.

காந்தம் வைத்துப் பார்ப்பது முதற்படி. 304 ஒட்டாது. வளைத்த இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் மட்டும் இலேசாகப் பிடிக்கலாம். அதனால் ஒட்டாத தகட்டைப் பேசாமல் ஒதுக்கிவிடலாம். ஒட்டினால் நல்ல கத்தி உருக்கு என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் 430இல் போய் விழுகிறார்கள். 430, 420 இரண்டுமே காந்தத்தில் ஒட்டும்.

அடுத்தது கிறைண்டரில் பொறி பார்ப்பது. ஸ்பிரிங் தகட்டின் பொறி நீண்டு போய் நுனியில் கிளைத்து வெடிக்கும். 304, 430 இரண்டிலும் பொறி குட்டையாக, செம்மஞ்சளாக, வெடிப்பில்லாமல் வரும். 440சி போலக் காபன் கூடியதில் அந்தக் குட்டைப் பொறியிலும் சில கிளைகள் தெரியும். வெயிலில் இதைப் பார்க்க முடியாது, நிழலில் நின்று பாருங்கள். இனம் தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். தனியாக ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான்.

மயில்துத்தக் கரைசலைத் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. சாதாரண இரும்பில் செம்பு நிறம் படியும், ஸ்டெயின்லெஸ்ஸில் படியாது. ஸ்டெயின்லெஸ்தானா என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது. குரோமியம் குறைந்த 410, 420 வகைகளில் அதைக்கூடச் சிலவேளை பிழையாகச் சொல்லும்.

தீர்ப்புச் சொல்வது உலைதான். ஒரு சோதனைத்துண்டைச் செம்மஞ்சள் நிறம் தெளியும்வரை காய்ச்சி, ஐந்து நிமிடமாவது அந்தச் சூட்டிலேயே வைத்திருந்து, எடுத்துச் சும்மா காற்றில் ஆறவிடுங்கள். ஆறியதும் மேற்பரப்பைச் சற்றுத் தேய்த்துவிட்டுப் புது அரத்தால் உரஞ்சுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல இனம். கொஞ்சம் கடித்து, கொஞ்சம் தடுத்தால் காபன் குறைந்த 410 அல்லது 420. காய்ச்சும் முன் கடித்தது போலவே கடித்தால் அந்தத் தகட்டில் கரண்டி செய்யலாம். பிறகு துண்டை வைஸில் இறுக்கி, மேலே சாக்கைப் போட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு சம்மட்டியால் ஓர் அடி அடியுங்கள். கடினமானது சட்டென்று முறியும், கடினமாகாதது வளைந்து நிற்கும். முறிந்த துண்டை எறியாதீர்கள், அதன் முறிவு பின்னால் தேவைப்படும்.

புதுத் தகடு வரவழைக்க வசதி இருந்தால் இந்தப் பாடு பாதி குறையும். அப்போது பார்க்க வேண்டியது காபன் அளவு. 420ஜே2 என்பதில் 0.26 முதல் 0.40 வரை, மீன் வாங்குக் கத்திக்குப் போதும், அடிக்கடி சாணை பிடிக்க வேண்டிவரும், ஆனால் இலகுவில் முறியாது. ஸ்வீடன் தயாரிப்புகளான 14சி28என், ஏஇபி-எல் இரண்டிலும் 0.62, 0.67 என்ற அளவில் காபன், 13 - 14 சதவீதம் குரோமியம். ஏஇபி-எல் சவர அலகுக்கென்று உருவானது. அதனுள் இருக்கும் கடினத் துணிக்கைகள் மிக நுண்ணியவை என்பதால் அடி தாங்கும் குணமும் சேர்ந்தே இருக்கிறது. பெரிய அலகுக்கு ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமென்றால் நான் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன்.

பெயர் போனது 440சி. அதில் காபன் 0.95 முதல் 1.20 வரை, குரோமியம் 16 முதல் 18 வரை. சிறு கத்திக்கு அருமையான உருக்கு. ஓங்கி வெட்டுகிற அலகுக்கு வேண்டாம். அதற்குள் பெருந்துணிக்கைகள் கிடக்கும், ஓங்கி அடிபடும்போது வாய் அந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும். வெறுமனே "440" என்றோ "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்றோ பொறித்து விற்கிற மலிவுக் கத்திகளைத் தகடாக நினைத்து வாங்க வேண்டாம். அந்தப் பொறிப்பிலிருந்து அது எந்த இனம் என்று பிடிக்க முடியாது.

இந்த மண்ணில் பழைய இரும்பு பொறுக்குவதற்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். கண்ணிவெடி அகற்றும் வேலை இங்கே இன்னும் முடியவில்லை. மூடிய குழாய், உருளை, என்னவென்று தெரியாத கனத்த உலோகம் எதையும் உலைக்குள் வைக்காதீர்கள், கிறைண்டரும் பிடிக்காதீர்கள். தட்டையாக, இரண்டு பக்கமும் முழுதாகக் கண்ணுக்குத் தெரிகிற தகடு மட்டும் போதும். காட்டில் சந்தேகமாக ஒன்று கிடந்தால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லிவிடுங்கள்.

தோய்ச்சல் போட்டேன், அரம் இன்னும் கடிக்கிறது

ஸ்பிரிங் தகட்டில் பழகிய கையோடு ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வருகிறவர்களுக்கு முதலில் வருவது இந்தக் கோளாறுதான். சாதாரண உருக்கில் காந்தம் ஒட்டாமல் போகிற சூடு ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ். அதைத் தாண்டிக் கொஞ்சம் காய்ச்சி இறக்கினால் ஸ்பிரிங் தகடு கடினமாகிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸிலோ காபனின் பெரும்பகுதி குரோமியத்தோடு கட்டுண்டு துணிக்கைகளாகக் கிடக்கிறது. அந்தக் கட்டு அவிழ்ந்து காபன் இரும்போடு கலந்தால்தான் தோய்ச்சல் ஏறும். அதற்கு 420 வகைக்கு 980 முதல் 1065 பாகை வேண்டும், 440சிக்கு 1010 முதல் 1065, ஏஇபி-எல்லுக்கும் 14சி28என்னுக்கும் 1050 முதல் 1080. காந்தத்தை நம்பி 850இல் எடுத்தால் எந்த எண்ணெயில் இறக்கியும் பயனில்லை.

இது பழைய கதைதான். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் காபனும் கொண்ட உருக்கை வார்த்தார். தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்த ஊர் அது. பழகிய முறைக்கு இந்த உருக்கு பணியவில்லை, "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று அவருக்குப் பட்டம் கட்டினார்கள். அந்த ஊரிலேயே அப்படி என்றால் நம் பட்டறைகளில் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சூட்டை அளக்கத் தேர்மோகப்பிள் மீட்டர் வாங்குவது நல்லது, கே வகை போதும். அது கைக்கு வரும்வரை உருகுகிற பொருட்களை வைத்துக் கணிக்கலாம். கறி உப்பு 801 பாகையில் உருகும். பித்தளை 900 முதல் 940க்குள், கலவையைப் பொறுத்து. தூய செம்பு 1085இல். ஓர் ஓட்டுத் துண்டில் பித்தளைக் கம்பித் துணுக்கு ஒன்றும், மின்வயரிலிருந்து எடுத்த செம்புக் கம்பித் துணுக்கு ஒன்றும் வைத்து, அலகு காயும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பித்தளை உருகி நிற்கிறது, செம்பு இன்னும் உருவம் மாறவில்லை என்றால் வேண்டிய எல்லைக்குள் இருக்கிறீர்கள். செம்பும் இளகத் தொடங்கினால் மேலே போய்விட்டீர்கள். உப்பும் உருகிய செம்பும் அலகில் படக்கூடாது. உப்பு அரிக்கும், உருகிய செம்பு உருக்கின் மணிகளுக்கிடையில் புகுந்து வெடிக்க வைக்கும். ஓட்டில் வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

சூடு சரி, அப்படியும் அரம் கடிக்கிறதா? மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, நேரம். ஸ்பிரிங் தகட்டைச் சூடு சமமானதும் எடுத்துவிடலாம். இதில் காபன் கலந்து முடிய நேரம் எடுக்கும். நான்கு மில்லிமீற்றர் தகட்டுக்கு நிறம் சமமான பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் கொடுங்கள்.

இரண்டு, தோல். திறந்த உலையில் அவ்வளவு நேரம் கிடந்தால் மேற்பரப்பிலிருந்து காபன் எரிந்து போகும். தோல் மெதுமையாக, உள்ளே கடினமாக இருக்கும். ஓரத்தில் கால் மில்லிமீற்றர் அளவு குளிரத் தேய்த்துவிட்டு மறுபடி அரம் போட்டால் தெரிந்துவிடும். தடுப்பதற்கு அலகை ஸ்டெயின்லெஸ் தாளில் சுற்றி, உள்ளே ஒரு சிறு கடதாசித் துண்டு வைத்து, ஓரங்களை இரண்டு மடிப்பாக மடித்துக் காய்ச்சுவார்கள். கடதாசி எரிந்து உள்ளிருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். அந்தத் தாளின் ஓரம் சவரக்கத்தியை விடக் கூர், கையுறை இல்லாமல் மடிக்காதீர்கள்.

மூன்று, அளவுக்கு மிஞ்சிய சூடு. 1120, 1150 என்று போனால் காபன் மிதமிஞ்சிக் கலந்து, ஆறும்போது உருக்கின் ஒரு பகுதி கடின நிலைக்கு மாறாமலே நின்றுவிடும். அரம் கடிப்பதைப் பார்த்து "சூடு போதவில்லை" என்று இன்னும் ஏற்றினால் இன்னும் மோசமாகும். அடுத்த துண்டை 30 பாகை குறைத்துச் செய்து பார்த்தால் எந்தப் பக்கம் பிழை என்று விளங்கும். உலர்பனிக்கட்டியில், அதாவது கழித்தல் 70 பாகைக்குக் கீழே குளிர்விப்பது மீதியை மாற்றும். வீட்டு ஐஸ்பெட்டி கொஞ்சம்தான் உதவும்.

ஆறவைப்பதற்கு எண்ணெயே தேவையில்லை. இரண்டு தடித்த அலுமினியப் பாளங்களுக்கிடையில் தாளோடு சேர்த்து நெரித்துப் பிடித்தால் போதும், அலகு நேராகவும் நிற்கும். தண்ணீரில் இறக்கவே வேண்டாம்.

இனி, எல்லாவற்றையும் விடப் பெரிய தடை நீளம். கம்மாலையின் கரி உலையில் ஒரு சாண் நீளத்தைச் சமமாகச் செம்மஞ்சளில் பத்து நிமிடம் நிறுத்தலாம், சிரட்டைக் கரியும் கையோயாத துருத்தியும் இருந்தால். பதினான்கு அங்குல அலகை அப்படி நிறுத்த முடியாது. நடுவில் 1100, நுனியில் 900 என்று வரும். ஒரே கத்தியில் ஓர் இடம் உதிர்ந்து இன்னோர் இடம் மடிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பெரிய அலகு ஸ்டெயின்லெஸ்ஸில்தான் வேண்டுமென்றால் மின்னுலை உள்ள பட்டறை ஒன்றைத் தேடிப் பிடித்து, இனத்தின் பெயரையும் வேண்டிய கடினத்தையும் எழுதிக் கொடுத்துச் செய்விப்பதே வழி. வெட்டுக்கத்திக்கு ரொக்வெல் சி என்ற கடின அளவில் 54 முதல் 57 கேளுங்கள். 60 கேட்காதீர்கள், அவர்கள் தருவார்கள்.

கூர் ஏறுகிறது, நாலு வெட்டில் மடிகிறது

தோய்ச்சலில் அரம் வழுக்கியது, முடிந்த கத்தியோ மடிகிறது என்றால் கடினம் பிறகு எங்கோ தொலைந்திருக்கிறது. இரண்டு இடங்கள்தான்.

தோய்ச்சலுக்குப் பிறகு, அலகு முறியாமல் இருக்கக் கொடுக்கிற மறுசூட்டை நிறத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஸ்டெயின்லெஸ்ஸில் ஏமாறுவார்கள். ஸ்பிரிங் தகட்டில் வைக்கோல் மஞ்சள் 220 பாகையை ஒட்டி வந்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியப் படலம் நிறம் ஏறுவதைத் தடுப்பதால் அதே மஞ்சளுக்கு 300 பாகைக்குப் பக்கம் போக வேண்டும். கண்ணுக்குப் பழகிய நிறம் வரும்வரை காத்திருந்தால் 80 பாகை கூடிவிடும். நீலம் வரை விட்டால் 500 பாகையையே தாண்டிவிடும். 425 முதல் 550 வரையான அந்தப் பட்டை இந்த உருக்குகளுக்கு ஆகாதது, அடி தாங்கும் குணமும் துருத் தாங்கும் குணமும் சேர்ந்து குறையும். முதுகை மட்டும் சுடரால் நீலமாக்கி இளக்குவது ஸ்பிரிங் தகட்டில் நல்ல வித்தை. இங்கே அதைச் செய்யாதீர்கள். கேக் சுடும் அவனில் 180 முதல் 200 பாகை, இரண்டு மணித்தியாலம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணித்தியாலம். அவனின் சுட்டியை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள்.

மற்றது கிறைண்டர். ஸ்டெயின்லெஸ் சூட்டைக் கடத்துவதில் மந்தம். உரசும் இடத்தில் சூடு தேங்கி நிற்கும், கைக்குத் தெரிவதற்குள் வாய் வெந்திருக்கும். தோய்ச்சலுக்குப் பிறகு வெறுங்கையால் பிடித்துத்தான் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணீரில் முக்க வேண்டும். வாயில் ஒரு நூலளவு மஞ்சள் தெரிந்தால்கூட அந்த நூலளவையும் குளிரத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுக் கூர் வையுங்கள். சில புதுக் கத்திகள் இரண்டு மூன்று சாணைக்குப் பிறகுதான் கூர் நிற்கத் தொடங்கும். வெந்த பகுதி அப்போதுதான் தேய்ந்து போயிருக்கும். தூசிக்கு முகமூடி கட்டுங்கள். குரோமியமும் நிக்கலும் கலந்த தூசி நெஞ்சுக்குள் போகிற சாமான் அல்ல.

மெல்லிய வாயுள்ள மீன்கத்தி, இறைச்சிக்கத்திகளுக்கு ஒரு சோதனை உண்டு. ஆறு மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியை வைஸில் படுக்க வைத்து, வாயைக் கூரின் சாய்விலேயே அதன்மேல் வைத்து அழுத்தி இழுங்கள். வாய் சற்று வளைவது வெளிச்சத்தில் தெரியும். வளைந்து திரும்பினால் சரி. வளைந்தபடி நின்றால் மெதுமை. உதிர்ந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

வாய் உதிர்கிறது

காய்ந்த பாலை மரம் எந்தக் கத்தியையும் சோதிக்கும். முதிரைக் கட்டை, விடத்தல் முள்ளு, பனை மட்டையின் கருக்கு எல்லாம் அதற்கு அடுத்துத்தான். பச்சைக் கிளையில் ஒன்றும் ஆகாத வாய் காய்ந்த பாலைக் கொட்டில் பல் பல்லாகப் போகிறது என்றால், முதலில் உருக்கைக் குற்றம் சொல்லாமல் கூரின் சாய்வைப் பாருங்கள். சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை போதும். வீசி வெட்டுகிறதற்கு 22 முதல் 25 வேண்டும், வாய்க்குச் சற்று மேலே முக்கால் மில்லிமீற்றர் தடிப்பாவது நிற்க வேண்டும். சாய்வை மாற்றியதும் உதிர்வு நின்றால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

நிற்காவிட்டால் மறுசூட்டை 20, 25 பாகை கூட்டி, 225 வரை கொண்டுபோகலாம். அதற்கும் மசியாவிட்டால் இனமே பிழை, அநேகமாகக் காபன் கூடியது. அந்த அலகைக் குறுக்கி இரண்டு சமையல் கத்தியாக்குங்கள், அங்கே நன்றாக உழைக்கும்.

முறிந்துவிட்டது

முறிந்த முகத்தைக் கழுவாமல், தொடாமல் முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைவிட அது ஒழுங்காகச் சொல்லும். நுண்ணிய, மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி, காரணம் வடிவத்தில். உப்புக் கல்லாக மின்னினால் சூடு மிஞ்சி மணிகள் பெருத்துவிட்டன. அந்த உலையில் அன்று தோய்த்த மற்றக் கத்திகளையும் சந்தேகியுங்கள். எடுத்து வைத்திருக்கும் சோதனைத்துண்டின் முறிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளியும். முகத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்தோ நிறமேறியோ இருந்தால் வெடிப்பு முன்பே இருந்திருக்கிறது. தோய்ச்சலில் வெடித்து, மறுசூட்டில் நிறம் பிடித்து, வெட்டும்போது மீதி போயிருக்கிறது.

அப்படிப்பட்ட வெடிப்பைப் பிடி போடும் முன்பே பிடிக்கலாம். அலகை மண்ணெண்ணெயில் அரை நாள் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளை மேலே பூசி விடுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் ஊறி வந்து தூளில் ஒரு கோடு போடும். பழைய ஸ்பிரிங் தகடு வாங்குகிறவர்களும் இதைச் செய்யலாம், ஓடிக் களைத்த தகடுகளில் மயிரிழை வெடிப்புகள் சாதாரணம்.

வடிவத்தில் காரணம் என்றால் அநேகமாகப் பிடிக்குள் இறங்குகிற வாலின் தோளில்தான் முறிந்திருக்கும். அங்கே சதுர மூலை விட்டால் அடியெல்லாம் அந்த மூலையில் வந்து சேரும். குறைந்தது மூன்று மில்லிமீற்றர் வளைவு கொடுத்து, அந்த வளைவை நெடுக்குவாட்டில் உரஞ்சி மினுக்குங்கள். ஆணித்துளைகளைத் தோளிலிருந்து தள்ளிப் போடுங்கள். வெட்டுக்கத்திக்கு வால் பிடி முழு நீளத்துக்கும் போக வேண்டும். குட்டை வாலை வெல்டிங்கில் நீட்டுவது வேண்டாம், ஒட்டின் ஓரம் கடினமாகி அங்கேயே முறியும்.

நேரமும் ஒரு காரணம். தோய்த்த அலகு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் மறுசூட்டுக்குப் போக வேண்டும். இரவு முழுக்க அப்படியே விட்டுவைத்துக் காலையில் பார்த்தால் தானாக வெடித்துக் கிடக்கலாம்.

அமெரிக்காவின் கத்திக் கொல்லர் சங்கம் கொல்லரின் தேர்வில் ஒரு கத்தியை 90 பாகை வளைக்கச் சொல்லும். அதே கத்தி அதற்கு முன் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரச் சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கி, பிறகும் மயிர் வழிக்க வேண்டும். காணொளிகளில் அதைப் பார்த்துவிட்டு ஸ்டெயின்லெஸ்ஸை வளைத்து முறிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேர்வு முதுகை இளக்கிய காபன் உருக்குக்கானது. ஊடு முழுக்க ஒரே கடினமாக நிற்கிற ஸ்டெயின்லெஸ் அலகை வைஸில் பிடித்து 15, 20 பாகை வளைத்து விட்டு, நேராகத் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும். வெட்டிப் பார்ப்பதற்கு வேறு கொட்டு வேண்டாம், காய்ந்த பாலை இருக்கிறது.

கோணிவிட்டது

பாளத்திலிருந்து எடுத்தவுடன் நேர் பாருங்கள். 400 பாகைக்கும் 150க்கும் இடையில் அலகு இன்னும் முழுக்கக் கடினமாகவில்லை, கையுறை போட்ட கையால் நிமிர்த்தலாம். அந்த ஓரிரு நிமிடம் போனால் சுத்தியலை எடுக்காதீர்கள். நேரான தடித்த சட்டத்தோடு, கோணலுக்கு எதிர்ப்பக்கம் சிறிது முட்டுக் கொடுத்து இறுக்கிக் கட்டி மறுசூட்டுக்கு வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். ஒரு பக்கத்தை முழுக்கத் தேய்த்துவிட்டு மறுபக்கத்தைத் தோய்ச்சலுக்குப் பிறகு தேய்க்கலாம் என்று விட்டால் கட்டாயம் கோணும்.

ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் துருப்பிடிக்கிறது

புள்ளி புள்ளியாக, மேலோட்டமாக, விரலால் தேய்த்தால் பாதி போகிற துரு என்றால் அது உங்கள் அலகின் துருவே இல்லை. ஸ்பிரிங் தகடு தேய்த்த அதே டிஸ்க்கால், அதே கம்பி பிரஷ்ஷால் இதையும் தேய்த்திருப்பீர்கள். இரும்புத் துகள் பதிந்து துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று தனி டிஸ்க் வையுங்கள். பதிந்ததை எடுக்க சித்திரிக் அமிலத் தூளை நூற்றுக்கு ஐந்து என்ற அளவில், கை பொறுக்கும் சுடுதண்ணீரில் கரைத்து அரை மணித்தியாலம் போட்டுக் கழுவித் துடைக்கலாம். கழிவறை கழுவும் அமிலமும் குளோரின் கலந்த வெளுப்புத் தண்ணீரும் எதிர் வேலைதான் செய்யும். மீன் வாங்கைப் பிளீச் போட்டுக் கழுவிவிட்டுக் கத்தியையும் அந்தத் தண்ணீரிலேயே போட்டுவைக்கிற பழக்கத்தால் போன அலகுகள் ஏராளம்.

ஊசி குத்தியதுபோல் ஆழக் குழிகள் விழுந்தால் உப்பின் வேலை. 420 வகைக்கு 12 - 14 சதவீதம் குரோமியம்தான், கடல் தண்ணீர் காய்ந்து கிடந்தால் அதனால் தாங்க முடியாது. நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைப்பதைத் தவிர வழி இல்லை. கரடான பரப்பில் உப்பு தங்கும் என்பதால், பட்டறையில் கடைசியாக எவ்வளவு நேரம் மினுக்குகிறீர்களோ அவ்வளவுக்குக் குழி குறையும்.

முழு அலகும் பரவலாகப் பழுப்பேறினால் மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும். தோய்ச்சல் சரியாக ஏறாத 420இல் குரோமியமும் காபனோடு கட்டுண்டே கிடக்கும், துருவைத் தடுக்க மிச்சம் குறைவு. மறுசூடு மிஞ்சினாலும் இதே நிலைதான். இதைக் கத்தி செய்யும் முன்பே சோதிக்கலாம். தோய்க்காத துண்டு, தோய்த்த துண்டு, தோய்த்து மினுக்கிய துண்டு மூன்றையும் வரிசையாக வைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த கடதாசியை மேலே போர்த்தி, பொலித்தீனால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் எது எப்படி இருக்கிறது என்று பார்த்தபின் தகட்டுக்கு மீதிக் காசைக் கொடுக்கலாம்.

பூணுக்கு அருகே மட்டும் துரு என்றால் பிடியைக் கழற்றிப் பாருங்கள். மரத்துக்கும் உருக்குக்கும் இடையில் நின்ற உப்புத் தண்ணீர் காற்றுப் படாமல் அரிக்கும், வெளியே தெரியும்போது உள்ளே வால் பாதி போயிருக்கும். முதிரைப் பிடி போட்டாலும் பாலைப் பிடி போட்டாலும் மரம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், வாலைச் சுற்றி அரக்கோ எப்பொக்சியோ இடைவெளி இல்லாமல் நிரம்ப வேண்டும். ஆணிகளும் பூணும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கட்டும், 304 துண்டுகளுக்கு நல்ல வேலை அதுதான். பித்தளைப் பூண் அழகுதான். உப்பு ஈரத்தில் பித்தளையோடு தொட்டுக்கொண்டிருக்கிற அலகு சீக்கிரம் அரிபடும் என்பதால் கடற்கரைக் கத்திக்கு அதைப் போடுவதில்லை.